டோட்டல் லாஸ் ஆன பழைய கார்: எந்த வழியில் போனால் கையில் எவ்வளவு நிற்கும்?

2024 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோவை நீலாம்பூர்-மதுக்கரை பைபாஸில் என் மாருதி எஸ்டீமை ஒரு லாரி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுபோய் முன்னால் நின்றிருந்த டிப்பரில் செருகியது. எனக்கு இடது முழங்கையில் நாலு தையல். வண்டிக்கு முன்னும் போச்சு, பின்னும் போச்சு. பட்டறையில் இறக்கியதும் மேஸ்திரி ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டு, "உசுரு மிஞ்சுச்சுங்களே, அது போதும்" என்றார். வண்டியைப் பற்றி அதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை.

2006 மாடல் விஎக்ஸ்ஐ. ஆறு வருஷத்தில் அதற்கு நான் செய்த செலவு 1,90,000 ரூபாய்க்கு மேல். 15 அங்குல அலாய் வீல், முன்னால் இரண்டு பக்கெட் சீட், ஆம்ப்ளிஃபையரோடு சவுண்டு செட், சஸ்பென்ஷன், இஞ்சினை முழுக்கப் பிரித்துச் செய்த வேலை. பாலிசியில் போட்டிருந்த ஐடிவி, அதாவது காப்பீட்டுக்காக வண்டிக்குப் போடும் மதிப்பு, 1,60,000. வண்டி வாங்கிய விலையைக்கூட விடுங்கள், செய்த செலவே ஐடிவியைத் தாண்டிவிட்டது.

அடுத்த வாரம் முழுக்க ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். டோட்டல் லாஸ், அதாவது வண்டி முழுக்கப் போச்சு என்று இன்சூரன்ஸ் கம்பெனி தரும் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடு என்றான் ஒருவன். வண்டியை மட்டும் விட்டுவிடாதே, நீயே எடுத்துக்கொள் என்றான் இன்னொருவன். ரிப்பேர் செய்து ஓட்டலாம் என்றார்கள், கேஸ் போடு என்றார்கள். எல்லாவற்றையும் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்குதான் இது. தொகைகள் என் வண்டியுடையவை. விதிகள் எல்லோருக்கும் பொது.

எந்தத் தொகையோடு சண்டை போடலாம், எதோடு கூடாது

முதலில் நான் செய்த தப்பு. இணையத்தில் விற்பனைக்கு வந்திருந்த எஸ்டீம் விளம்பரங்கள் பத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு கிளெய்ம் ஆபீஸுக்குப் போனேன். "இதே வண்டி இரண்டரை லட்சம் போகுது சார், நீங்க எப்படி 1,60,000 சொல்றீங்க?" என்றேன். அங்கிருந்தவர் கோபப்படவே இல்லை. என் பாலிசியையே திருப்பி ஒரு வரியைக் காட்டினார். டோட்டல் லாஸ் கிளெய்முக்கு, பாலிசிக் காலம் முழுவதும் ஐடிவியையே சந்தை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது.

இந்த வரி இரண்டு பக்கமும் வெட்டும். நான் விளம்பரத்தைக் காட்டி ஏற்ற முடியாது. அதே மாதிரி, "வண்டி பழசு, இன்னும் பத்து சதவீதம் குறைக்கிறோம்" என்று அவர்களும் இறக்க முடியாது. அப்படிக் குறைக்கப் பார்த்தால் இந்த வரியைத்தான் எடுத்து நீட்ட வேண்டும்.

புது வண்டிக்கு ஐடிவி போட அட்டவணை உண்டு. ஆறு மாதம் வரை 5 சதவீதம் தேய்மானம், ஒரு வருஷம் வரை 15, அப்புறம் 20, 30, 40 என்று ஏறி ஐந்தாவது வருஷத்தில் 50. ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கும், கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட மாடலுக்கும் அட்டவணை கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான். எஸ்டீம் இரண்டு வகையிலும் வரும். அதாவது ரினியூவல் அன்று நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பிரீமியம் 900 ரூபாய் குறைகிறதே என்று, திரையில் வந்த தொகையை அப்படியே விட்டுவிட்டுப் பணம் கட்டினேன்.

மாடிஃபிகேஷனும் இதே கதைதான். வண்டியோடு கம்பெனி தராத மின்சார, மின்னணுச் சாமான்களுக்கு ஐஎம்டி 24 என்ற சேர்ப்பு உண்டு. பொருளின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். 25,000 ரூபாய் சவுண்டு செட்டுக்கு ஆயிரம் ரூபாய். அலாய் வீல், சீட் மாதிரி மின்சாரம் இல்லாதவற்றையும் தனியாக மதிப்புச் சொல்லிச் சேர்க்கலாம். சேர்த்திருந்தால் அதுவும் ஐடிவியின் பகுதி. சேர்க்காவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனியைப் பொறுத்தவரை அந்தச் சாமான் வண்டியில் இல்லவே இல்லை. பில்லைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொட்டினாலும் பயன் கிடையாது. நான் கொட்டிப் பார்த்தேன்.

ஒப்புக்கொண்ட விலைக்கே காப்பீடு என்ற வசதி நம் மோட்டார் டாரிஃபில் இருக்கிறது. ஆனால் அது 1940 டிசம்பர் 31க்கு முன்னால் தயாரான, முறையாகச் சான்று பெற்ற விண்டேஜ் கார்களுக்கு மட்டும். கான்டெஸாவோ லான்ஸரோ ஜென்னோ வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் பார்த்து ஏங்க வேண்டியதில்லை.

ஆக, விபத்துக்கு அப்புறம் ஐடிவி கல்வெட்டு. பேச இடம் இருப்பது மூன்றில்தான். டோட்டல் லாஸா ரிப்பேரா என்ற முடிவு. உடைந்த வண்டிக்குப் போடும் சால்வேஜ் விலை. சேர்க்காத சாமான்கள் யாருக்குச் சொந்தம் என்பது.

எஸ்டிமேட் 1,92,000, ஆனாலும் டோட்டல் லாஸ் இல்லை

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் முதலில் சொன்னது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டறை எஸ்டிமேட் 1,92,000. ஐடிவி 1,60,000. எந்தக் கணக்கில் பார்த்தாலும் வண்டி போனதுதானே? "இல்லைங்க, இது ரிப்பேர் கேஸ்" என்றார்.

டோட்டல் லாஸுக்கான அளவுகோல் ஐடிவியில் 75 சதவீதம். எனக்கு 1,20,000. ஆனால் அந்த 75ஐத் தாண்ட வேண்டியது, பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்ட ரிப்பேர் செலவு. சர்வேயர்கள் இதைப் படிக்கும் விதம்: தேய்மானம் எல்லாம் கழித்து, கம்பெனி தர வேண்டிய தொகை 75ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பது. பத்து வருஷம் தாண்டிய வண்டியின் இரும்புச் சாமானுக்குப் பாதிதான் தருவார்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு வயது என்னவானாலும் பாதி. கண்ணாடிக்கு முழுசு. கூலிக்கு முழுசு. பெயிண்டிங் பில்லில் கால்பங்கை மெட்டீரியல் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள்.

என் எஸ்டிமேட்டை அப்படிப் பிரித்தால்: இரும்புச் சாமான் 1,10,000க்கு 55,000. பம்பர், விளக்கு முதலிய பிளாஸ்டிக் 40,000க்கு 20,000. கண்ணாடி 6,000. டிங்கரிங் கூலி 20,000. பெயிண்டிங் 16,000க்கு 14,000. கூட்டினால் 1,15,000. ஐடிவியில் 72 சதவீதம்கூட இல்லை. எனவே ரிப்பேர். கட்டாயக் கழிவு 1,000 போக (1500 சிசி வரை இதுதான்) கம்பெனி தருவது 1,14,000. மீதி 78,000 என் பையிலிருந்து.

பழைய வண்டிக்காரர்களைப் பிடிக்கும் பொறி இதுதான். வண்டி எவ்வளவு பழசோ, தேய்மானம் அவ்வளவு அதிகம். தேய்மானம் கூடக் கூட 75ஐத் தொடுவது கஷ்டம். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் என்ற சேர்ப்பு இருந்தால் இந்தக் கணக்கே மாறும். ஆனால் பதினெட்டு வருஷ வண்டிக்கு அதை யார் தருகிறார்கள்?

நான் செய்தது, வண்டியைப் பிரித்துப் பார்க்கச் சொன்னது. வெளியிலிருந்து பார்த்துப் போடும் எஸ்டிமேட்டில் உள்காயம் வராது. மேஸ்திரி முன் கிராஸ் மெம்பரைக் கழற்றியதும் வண்டியைத் தாங்கும் வலது பக்கச் சட்டம் வளைந்திருப்பது தெரிந்தது. ஜிக் என்ற இழுவைச் சட்டகத்தில் ஏற்றி இழுக்க வேண்டும். அதற்குக் கூலி மட்டும் 12,000. கூலிக்குத் தேய்மானம் இல்லை என்பதைக் கவனியுங்கள். 1,15,000 என்பது 1,27,000 ஆனது, 75 தாண்டியது. கூடுதல் எஸ்டிமேட்டை மெயிலில் அனுப்பி, சர்வேயரை மறுபடி வரவழைத்தேன். அவர் நேர்மையான மனுஷர். டேப்பை வைத்து அளந்து பார்த்தார், ஒத்துக்கொண்டார்.

ரிப்பேர் வழியை நான் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. சட்டம் நேராக இருந்து, முகம் மட்டும் போயிருந்தால், என் 78,000ஐப் போட்டு வண்டியைத் திருப்பியிருப்பேன். உக்கடத்தில் பழைய சாமான் வாங்கிப் போட்டால் அது 50,000க்குள்கூட முடியும். அப்பாவின் வண்டி, முதல் வண்டி என்று மனசு ஒட்டிக்கொண்டவர்களுக்கும் இதுதான் வழி. ஆனால் சட்டம் வளைந்த, உடலும் சட்டமும் ஒன்றாகச் செய்த மோனோகாக் வண்டியை இழுத்து நேராக்கி, அதில் மறுபடி குடும்பத்தை ஏற்ற எனக்குத் தைரியம் வரவில்லை.

வண்டியைக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா

டோட்டல் லாஸ் என்று முடிவானதும் இரண்டு கிளை. ஒன்று, வண்டியைக் கொடுத்துவிட்டு ஐடிவியில் கழிவு போக வாங்கிக்கொள்வது. எனக்கு 1,59,000. இது பெரும்பாலும் இரண்டு துண்டாக வரும். ஒரு பகுதி கம்பெனியிடமிருந்து, ஒரு பகுதி உடைந்த வண்டியை ஏலத்தில் எடுத்த வியாபாரியிடமிருந்து. இரண்டாவது, சால்வேஜ் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள், வண்டி நமக்கே. நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது இரண்டாவது வழியை. மாடிஃபை செய்த வண்டியில் சாமான் இருக்கிறதே, விற்றால் காசு என்பது அவர்கள் வாதம்.

வாதம் பாதி சரி. எந்தப் பாதி என்பது அன்று பட்டறையில் தெரிந்தது.

சர்வேயர் போனை எடுத்து முதலில் படம் பிடித்தது வளைந்த பானெட்டை அல்ல, இடது முன் வீலை. "வீலு நல்லாருக்கே தம்பி, எவ்வளவு ஆச்சு?" என்றார். நான் பெருமையாக விலையைச் சொன்னேன். அப்புறம் கதவைத் திறந்து சீட்டை எடுத்தார், டிக்கியைத் திறந்து ஆம்ப்ளிஃபையரை எடுத்தார். அந்தப் படங்கள் அப்படியே ஆன்லைன் ஏலத்துக்குப் போயின. மூன்றாம் நாள் வந்த உச்ச விலை 62,000. உடைந்த எஸ்டீமுக்கு 62,000 எங்கே வரும்? அந்தக் காசு வீலுக்கும் சீட்டுக்கும் வந்தது.

யோசித்துப் பாருங்கள். கிளெய்ம் கணக்கில் என் அலாய் வீலுக்கு மதிப்பு பூஜ்யம், ஏனென்றால் அது பாலிசியில் இல்லை. சால்வேஜ் கணக்கில் மட்டும் அதே வீலுக்கு விலை உண்டு. அந்த விலையை என் தொகையிலிருந்து கழிக்கப் போகிறார்கள். இல்லாத சாமானை எப்படிக் கழிக்க முடியும்?

இதை அப்படியே மெயிலில் எழுதினேன். பாலிசியில் சேர்க்காத இன்ன இன்ன சாமான்கள் காப்பீட்டில் அடங்காதவை, எனக்குச் சொந்தமானவை. அவற்றைக் கழற்றிக்கொண்டு, கம்பெனி தந்த ஸ்டீல் வீல்களையும் சீட்டுகளையும் மாட்டி வண்டியை ஒப்படைக்கிறேன். அதன் பிறகு மறு ஏலம் வைக்கக் கோருகிறேன். பழைய வீலும் சீட்டும் நல்லவேளையாக மொட்டைமாடியில் கிடந்தன. நாலு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் சர்வேயரே போனில் கூப்பிட்டு, "கழற்றிக்குங்க, ஆனா என் முன்னாடி கழற்றுங்க" என்றார். மறு ஏலத்தில் வந்தது 41,000.

இப்போது கணக்கு. கழற்றிய சாமான்களை விற்றது 55,000. வண்டியைக் கொடுத்திருந்தால் 1,59,000 + 55,000 = 2,14,000. வண்டியை வைத்துக்கொண்டால் 1,18,000 வரும், சாமானுக்கு 55,000. இஞ்சின், கியர்பாக்ஸ் 30,000, கூடு இரும்பு விலைக்கு 14,000. மொத்தம் 2,17,000. வித்தியாசம் வெறும் மூவாயிரம். அந்த மூவாயிரத்துக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை கிரீஸில் கை வைக்க வேண்டும், பட்டறையில் இடவாடகை வேறு.

வண்டியை வைத்துக்கொள்வதில் பணம் இல்லை என்பதுதான் நான் கண்டது. சேர்க்காத சாமானை ஏலத்துக்கு முன்னால் கழற்றுவதில்தான் பணம் இருக்கிறது. அதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்தவருக்கு 1,59,000தான், சாமானும் போச்சு. செய்துவிட்டால் எந்தக் கிளையில் போனாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் இரண்டாவது கிளையில் போனதற்குக் காரணம் வேறு, கடைசியில் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சர்வேயர் வருவதற்கு முன்னால் ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றுவது. விபத்து நடந்த இடத்தில் போலீஸும் ரெக்கவரி வண்டிக்காரரும் எடுத்த படங்கள் இருக்கும். வண்டியை மாற்றிக் காட்டினார் என்று ஒரு வரி அறிக்கையில் ஏறினால் கிளெய்ம் மொத்தமும் ஆட்டம் கண்டுவிடும்.

மாடிஃபிகேஷனையே காரணம் காட்டி மறுத்தால்

எனக்கு இது நடக்கவில்லை. ஆனால் கேள்வி வந்தது. "எக்ஸாஸ்ட் மாத்தியிருக்கீங்க, இஞ்சின்ல என்ன பண்ணினீங்க?" மறைக்காமல் சொன்னேன்.

சட்டம் இதில் நம் பக்கம் இல்லை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் வண்டியைத் தயாரித்த கம்பெனி சொன்ன அளவோடு ஒத்துப்போகாதபடி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. 2019 திருத்தத்தில் மாற்றி எழுதிய 182ஏ பிரிவின்படி, மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. நிறம் மாற்றினாலும், கேஸ் கிட் போட்டாலும் ஆர்டிஓவிடம் பதிய வேண்டும். கேஸ் கிட்டைப் பாலிசியிலும் சேர்க்க வேண்டும். இன்சூரன்ஸில் பிரீமியம் கட்டிவிட்டதால் மட்டும் சட்டவிரோத மாற்றம் சட்டப்படியாகிவிடாது.

அதற்காக, வண்டியில் மாற்றம் இருக்கிறது, ஆகவே கிளெய்ம் இல்லை என்று ஒரே வரியில் முடிப்பதும் செல்லாது. நின்றுகொண்டிருந்த என் வண்டியில் லாரி மோதியது. என் எக்ஸாஸ்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? விபத்துக்கும் மாற்றத்துக்கும் தொடர்பைக் காட்டச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விட்டது மாதிரியான நிபந்தனை மீறலில்கூட, மொத்தமாக மறுக்காமல் 75 சதவீதம் கொடுக்கும் வழக்கத்தை 2010இல் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. பேச்சுவார்த்தையில் அதை நினைவுபடுத்தலாம். ஆனால் சஸ்பென்ஷனை வெட்டி இறக்கியிருந்து, வளைவில் வண்டி தானாகக் கவிழ்ந்திருந்தால் என் குரல் இவ்வளவு உரக்க வராது.

முறையிடுவதானால் எங்கே

சர்வேயர் அறிக்கை கடைசி வார்த்தை அல்ல. 2009இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தேவைப்பட்டால் சொந்தச் செலவில் வேறொரு லைசென்ஸ் உள்ள சர்வேயரிடம் மதிப்பீடு வாங்கி இணைக்கலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 ஜூன் சுற்றறிக்கைப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயரை அனுப்ப வேண்டும், 15 நாளில் அறிக்கை, அது வந்த 7 நாளில் கம்பெனி முடிவு. இதை மெயிலில் ஒரு வரி குறிப்பிட்டாலே எதிர்முனையில் சுறுசுறுப்பு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் படி கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி. கூடவே ஐஆர்டிஏஐயின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் பதியுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் ஒத்துவராவிட்டால், இன்சூரன்ஸ் தகராறுகளைத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மேனா நுகர்வோர் ஆணையமா என்ற கேள்வி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. என் மாதிரி 20,000, 50,000 ரூபாய்த் தகராறுக்கு ஆம்பட்ஸ்மேன்தான். கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை, நாமே பேச வேண்டும். 50 லட்சம் வரை உத்தரவிட அதிகாரம் உண்டு. அந்த உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நமக்குப் பிடிக்காவிட்டால் ஏற்காமல் மேலே போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அதே விஷயம் ஏற்கெனவே கோர்ட்டில் இருந்தால் எடுக்க மாட்டார்கள். அதனால் வரிசை முக்கியம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குக் காலம் இரண்டு வருஷம். குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்துக் கேட்கலாம். கிளெய்மையே மொத்தமாக மறுத்துவிட்டால், அல்லது அலைக்கழித்த கதை பெரிதாக இருந்தால் இங்கே போவதில் அர்த்தம் உண்டு. வாய்தாவுக்குப் பொறுமை வேண்டும்.

முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன் என்ற வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பணம் போடுவார்கள். பயந்துபோய் பணத்தையே வாங்காமல் இருக்க வேண்டாம். அந்தக் கையெழுத்தை மட்டும் காட்டி வாடிக்கையாளரின் வாயை அடைக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2015இலேயே சொல்லிவிட்டது. ஆட்சேபத்தை அன்றே மெயிலில் பதிந்து வையுங்கள்.

இடித்த லாரியை மறந்துவிடாதீர்கள்

என் நண்பர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. நம் பாலிசிக்குத்தான் ஐடிவி உச்சவரம்பு. தப்பு லாரியுடையது என்றால், லாரியின் தேர்டு பார்ட்டி பாலிசியிடம் என் சொத்துச் சேதத்தைக் கேட்கலாம். அங்கே ஐடிவி கல்வெட்டு கிடையாது. உண்மையான நஷ்டத்தை நிரூபித்தால் போதும். மாடிஃபிகேஷன் பில்களுக்கு உயிர் வரும் ஒரே இடம் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம்தான். அதிலும் சட்டப்படி பதிந்த, சட்டத்துக்கு உட்பட்ட சாமான்களின் பில்லுக்குத்தான் மரியாதை.

லாரி மாதிரி வணிக வண்டிகளுக்கும் கார்களுக்கும் சொத்துச் சேதப் பொறுப்பு வழக்கமாக 7.5 லட்சம் வரை. ஆனால் பிரீமியத்தை மிச்சம் பிடிக்க அதை 6,000 ரூபாய் என்று குறைத்துக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது. லாரிக்காரர் அப்படிச் செய்திருந்தால் அந்தக் கம்பெனி 6,000க்கு மேல் தராது, மீதியை உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும். ஆகவே எஃப்ஐஆர் நகலோடு லாரியின் பாலிசி நகலையும் முதலிலேயே வாங்கிப் பாருங்கள். நம் கம்பெனி கொடுத்ததை மறுபடி கேட்க முடியாது. விடுபட்ட மீதியை மட்டுமே கேட்கலாம். விபத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் விதி.

நான் போட்டிருக்கிறேன். வக்கீல் சொல்வதைப் பார்த்தால் வருஷக்கணக்கில் போகும். வந்தால் வரட்டும் என்று விட்டிருக்கிறேன், அந்தக் காசை நம்பி வேறு வண்டி பார்க்கவில்லை.

ஆர்சி புக்

வண்டியை வைத்துக்கொண்ட காரணத்தைச் சொல்கிறேன் என்றேன். ஏலத்தில் எடுத்த வியாபாரியின் ஆள் வந்தபோது பேர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டையும் நீட்டி, "பேர் எழுதற இடத்தை விட்டுட்டுக் கையெழுத்து மட்டும் போடுங்கண்ணா" என்றான். ஆர்சியையும் கேட்டான். யார் பேருக்குப் போகிறது என்று கேட்டேன். "அது முதலாளி பார்த்துக்குவாருங்க." அதற்கு மேல் நான் பேசவில்லை.

ஆர்சியில் பேர் மாறும் வரை சட்டத்தின் கண்ணில் நான்தான் உரிமையாளர். 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான்: விற்றுவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது, பதிவேட்டில் யார் பேரோ அவர்தான் பொறுப்பு. உடைந்த வண்டியை வாங்குவது சாமானுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். சேஸிஸ் எண்ணும் ஆர்சியும் சேர்ந்தே ஒரு சரக்கு. திருட்டு எஸ்டீம் ஒன்றில் என் எண் ஏறி, அது எங்கோ ஆளை அடித்துவிட்டால் நோட்டீஸ் என் வீட்டுக்கு வரும்.

வண்டியைக் கொடுப்பதானால் வாங்குபவர் பெயர், முகவரி, ஆதார் நகலோடு முழுக்க நிரப்பிய ஃபார்மில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள், பேர் மாறியதை நீங்களே அரசின் பரிவாகன் தளத்தில் பாருங்கள். அல்லது ஆர்சியை ரத்து செய்துவிட்டுக் கொடுங்கள். உபயோகத்துக்கு ஆகாத வண்டியைப் பற்றி 14 நாளில் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 55வது பிரிவும் சொல்கிறது.

நான் ரத்து செய்தேன். இஞ்சினைக் கழற்றிய பிறகு மேஸ்திரி கேஸ் கட்டரைப் பற்றவைத்து, சேஸிஸ் எண் அடித்திருந்த தகட்டை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டித் தந்தார். சூடு ஆறும் வரை தண்ணீர் வாளியில் போட்டுவைத்து, ஒரு பழைய தினத்தாளில் சுற்றி, ஆர்டிஓ ஆபீஸுக்கு எடுத்துப்போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா தாளைப் பிரித்து, எண்ணை ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டார். "நல்ல வண்டி. எங்க வீட்டுலயும் இருந்துச்சு" என்றபடி சீல் குத்தினார்.